அயுமு நினைவில் வைத்தது எதை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், ஜப்பானில் வளர்ந்த அயுமு என்ற சிம்பன்சியைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். விலங்குகளின் அறிவுக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்குவதே அரிதாகிவிட்டது. அதற்காக முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால், எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்ற வரிசையை நினைவில் வைப்பதில் சிம்பன்சி மனிதனை வென்றுவிட்டது என்று கட்டுரையாளர் முடித்திருப்பது, அந்தச் சோதனை காட்டியதைவிட மிக அதிகமாகச் சொல்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

சோதனை என்ன என்பதை நினைவூட்டிவிடுகிறேன். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் குரங்கினங்களை ஆராயும் முதனி ஆய்வு நிறுவனத்தில் சனா இனோவேயும் டெட்சுரோ மட்சுசாவாவும் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. தொடுதிரையில் ஐந்து எண்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றும். கண் இமைப்பதற்குள் அவை வெள்ளைக் கட்டங்களாக மாறிவிடும். எந்தக் கட்டத்துக்குள் எந்த எண் இருந்தது என்பதை நினைவில் வைத்து, சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் வரை தொட்டுக்கொண்டே போக வேண்டும். எண்கள் திரையில் நின்ற நேரம் 650, 430, 210 மில்லி வினாடிகள் என்று படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 650இல் மாணவர்களும் அயுமுவும் ஏறத்தாழச் சமம்தான். 210 மில்லி வினாடியில், அதாவது கண்ணைத் திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓட்டக்கூட நேரமில்லாத அந்த அளவில், பல்கலைக்கழக மாணவர்களின் வெற்றி பாதிக்கும் கீழே சரிந்தது. அயுமு மட்டும் ஐந்துக்கு நான்கு முறை சரியாகத் தொட்டது. திரையும் கணினியும் மட்டுமே பொறுப்பில் இருந்ததால், பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்து விடையறிந்த ஜெர்மானியக் குதிரை 'கெட்டிக்கார ஹான்ஸ்' கதையாக இதை ஒதுக்கவும் முடியாது. இதுவரை கட்டுரையாளர் எழுதியதில் பிழையில்லை.

பிழை அடுத்த படியில் நுழைகிறது. அந்த ஐந்து எண்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை. ஒரே நேரத்தில், ஒரே காட்சியாகத் திரையில் நின்றன. ஒன்றுக்குப் பின் இரண்டு, இரண்டுக்குப் பின் மூன்று என்ற வரிசையை அயுமு ஏறத்தாழ நான்கு வயதிலிருந்தே நாள்தோறும் பழகிப் பழகித் தன்னிடம் வைத்திருந்தது. அந்த 210 மில்லி வினாடியில் அது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது வரிசையை அல்ல, இடங்களை. நிழற்படக் கருவி ஒரு காட்சியைப் பிடிப்பதுபோல எந்த எண் எங்கே என்பதைப் பிடித்துக்கொண்டால், பழகிய வரிசை விரலை வழிநடத்தும். மனிதர்களுக்கு இது எட்டாத திறன் என்பதும் முழு உண்மையன்று. ஆலன் சில்பர்பெர்க்கும் டேவிட் கியர்ன்ஸும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், போதிய பயிற்சி கொடுத்தபோது மனிதர்களும் ஐந்து எண்களில் அயுமுவின் அளவை எட்டினார்கள். ஒரு பக்கம் ஆண்டுக்கணக்கில் பழகிய சிம்பன்சி, மறுபக்கம் அன்றைக்குத்தான் திரையின் முன் உட்கார்ந்த மாணவர்கள் என்றால், அந்தப் பந்தயத்தின் முடிவை வைத்து இனத்துக்கு இனம் மதிப்பெண் போடுவது சரியாகாது.

சரி, வரிசை என்றால் என்ன, அதை ஒரு விலங்கு எப்படிக் கற்கிறது? இந்தக் கேள்வியை எனக்குள் முதலில் கிளப்பியவை ஆய்வுக்கூடங்கள் அல்ல, என் பாட்டனாரின் காங்கேயம் காளைகள். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, வைக்கோல் பரப்பிய வண்டியில் அவர் படுத்து உறங்கிவிடுவார். காளைகள் இருட்டில் தாமாகவே வீடு கொண்டுவந்து சேர்க்கும். சாலையில் நேரே போய், ஒரு பெரிய புளியமரத்தடியில் இடப்பக்கம் இட்டேரியில் (இருபுறமும் வேலியுள்ள வண்டிப்பாதையில்) திரும்பி, வாய்க்கால் பாலம் தாண்டி, எங்கள் களத்தில் வந்து நிற்கும். பத்து வயதில் அதைப் பார்த்து, மாட்டுக்கு வழி முழுவதும் மனப்பாடம் என்றே நினைத்திருந்தேன். பின்னர் சாலையை அகலப்படுத்துவதற்காக அந்தப் புளியமரத்தை வெட்டினார்கள். அடுத்த சந்தை நாள் இரவு காளைகள் எங்கள் இட்டேரியைத் தாண்டி நேரே போய், அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்ற வேறொரு புளியமரத்தடியில் நிதானமாக இடப்பக்கம் திரும்பி, யாருடைய கடலைக்காட்டிலோ வண்டியை இறக்கிவிட்டன. அந்தக் காட்டுக்காரரிடம் பாட்டனார் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. காளைகளிடம் இருந்தது வழியின் வரிசை அன்று. மரத்தைக் கண்டால் திரும்பு, பாலத்தைக் கண்டால் இறங்கு என்ற தனித்தனிப் பழக்கங்கள்தாம். அவற்றை வரிசையாக அடுக்கி வைத்திருந்தது சாலை.

இதே செய்தியை ஹார்வி கார், ஜான் பி. வாட்சன் ஆகிய இருவரும் எலிகளைக் கொண்டு 1908இலேயே காட்டிவிட்டார்கள். சிக்கல்வழிப் பெட்டியில் நன்றாகப் பழகிய எலிகள் ஓடும் பாதையில் ஒரு நீள வழியை அவர்கள் குறுக்கி வைத்தார்கள். எலிகள் முழு வேகத்தில் ஓடிப்போய்ச் சுவரில் முட்டிக்கொண்டன. வழியை நீட்டி வைத்தபோது, பழைய திருப்பம் இருந்த தொலைவு வந்ததும் இல்லாத திருப்பத்தில் திரும்பப் பார்த்தன. காளைக்கு மரம் என்றால் எலிக்குத் தன் உடலின் அசைவே அடுத்த அசைவுக்குக் குறிப்பாக இருந்தது. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியை இழுக்கும் இந்தச் சங்கிலிக் கற்றல், விலங்குப் பயிற்சி பலவற்றுக்கும் அடிப்படை. கிளி ஜோசியக்காரரின் கிளி கூட்டைவிட்டு வெளியே வந்து, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு கூட்டுக்குத் திரும்புவதும் இந்த வகைதான்.

இந்தச் சங்கிலி எங்கே அறுந்துபோகும் என்பதை வால்டர் ஹண்டர் 1920இல் மிக எளிய ஒரு சோதனையால் காட்டினார். நடுவழியில் ஓடிவரும் எலி இடம், வலம், இடம், வலம் என்று மாறிமாறித் திரும்ப வேண்டுமானால் சிக்கலே இல்லை. இப்போது இடம் போனேன் என்றால் அடுத்தது வலம். அதையே இடம், இடம், வலம், வலம் என்று ஆக்கிப் பாருங்கள். இடம் போய் வந்து அதே நடுவழியில் நிற்கும் எலிக்கு, அடுத்து இடமா வலமா என்று சொல்ல வெளியே எந்தக் குறிப்பும் இல்லை. கடைசியாகச் செய்த செயலும் உதவாது, ஏனெனில் ஓர் 'இட'த்துக்குப் பின் இடமும், மறு 'இட'த்துக்குப் பின் வலமும் வருகின்றன. இது முதல் இடமா, இரண்டாவது இடமா என்பது மனத்துக்குள் இருந்தாக வேண்டும். ஹண்டரின் எலிகள் இதில் தோற்றன. பின்னாளில் அவர் சோதித்த ரக்கூன்கள் தேறின. வரிசை என்ற சொல்லின் கனம் இந்தச் சிறு வேறுபாட்டில்தான் இருக்கிறது. மனித மொழியும் கைத்தொழிலும் இசையும் சங்கிலியால் மட்டும் விளங்கா என்று கார்ல் லாஷ்லி 1951இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இதையே வேறு கோணத்தில் சொல்கிறது.

அடுத்து வருவது, என் கருத்தில் இந்தத் துறையின் மிக அழகான ஆய்வு. தங்கள் கட்டுரையாளர் அதைத் தொடாமல் விட்டது எனக்கு வருத்தம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் டெரஸ், சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் ஒரே திரையில் வைத்துவிட்டார். நான்கு படங்கள் ஒருங்கே தெரியும். ஒவ்வொரு முறையும் அவற்றின் இடங்கள் மாறிவிடும். ஒன்றைத் தொட்டதும் திரையில் எதுவும் மாறாது. நான்கையும் குறித்த வரிசையில் தொட்டு முடித்தால்தான் தீனி. புளியமரமும் இல்லை, பாலமும் இல்லை. புறாக்கள் நீண்ட பயிற்சிக்குப் பின் இதையும் கற்றன. ஆனால் கற்றதைத் துருவிப் பார்ப்பதற்காக வரிசையிலிருந்து இரண்டை மட்டும் எடுத்துக் காட்டியபோது குட்டு வெளிப்பட்டது. முதல் படமோ கடைசிப் படமோ அந்த இணையில் இருந்தால் புறா சரியாகத் தொட்டது. நடுவிலுள்ள இரண்டையும் மட்டும் காட்டினால் எது முந்தியது என்று தெரியாமல் குருட்டுவாக்கில் கொத்தியது. முதலில் இதைத் தொடு, முடிவில் அதைத் தொடு, நடுவில் மிஞ்சியதைப் பார்த்துக்கொள் என்பதுபோன்ற சில விதிகளே அதனிடம் இருந்தன என்று கொள்ளலாம்.

ரீசஸ் குரங்குகளிடம் கதை வேறு. எந்த இணையைக் காட்டினாலும் அவை சரியாகத் தொட்டன. அதைவிடச் சுவையான செய்தி, அவை எடுத்துக்கொண்ட நேரம். இணையில் முந்தி வரும் படம் மூல வரிசையில் எவ்வளவு பின்னால் இருந்ததோ, அந்த அளவுக்கு அதைத் தொடத் தாமதமாயிற்று. வரிசையின் தலையிலிருந்து மனத்துக்குள் நடந்துவந்து அந்தப் படத்தை அடைந்ததுபோல. வகுப்பறையில் நின்றவர்களுக்கு இது புதிதன்று. ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் 'ஏ'க்கு முன்னால் என்ன எழுத்து என்று கேட்டுப் பாருங்கள். உதடு 'அ, ஆ, இ, ஈ' என்று முணுமுணுத்துக்கொண்டு வந்து 'எ' என்று நிற்கும். ஏழெட்டு எவ்வளவு என்றால் ஓரேழு ஏழிலிருந்து தொடங்கும் பிள்ளைகளை நான் ஒன்பதாம் வகுப்பிலும் பார்த்திருக்கிறேன்.

டெரஸின் குழுவினர் 1997இல் இன்னும் ஒரு படி போனார்கள். நான்கு நான்கு படங்கள் கொண்ட நான்கு வரிசைகளைக் குரங்குகள் கற்றபின், ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு படத்தை உருவிப் புதிய வரிசைகளை அமைத்தார்கள். பழைய வரிசையில் இரண்டாவதாக இருந்த படம் புதியதிலும் இரண்டாவதாகவே இருந்தால், குரங்குகள் ஏறத்தாழப் பிழையே இல்லாமல் அதைச் செய்தன. இடத்தை மாற்றிவிட்டாலோ, முன்பின் பாராத வரிசையைக் கற்பதுபோலத் திண்டாடின. இந்தப் படம் அந்தப் படத்துக்குப் பின் வருவது என்பதோடு நில்லாமல், இது 'இரண்டாவது' என்பதையே அவை கற்றிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். 2003இல் அவை ஏழு படங்கள் கொண்ட வரிசைகளையும் கற்றன. ஏழு படங்களை 5040 விதமாக வரிசைப்படுத்தலாம் என்பதை நினைத்தால், குருட்டு நற்பேற்றுக்கு அங்கே இடமில்லை என்பது புரியும்.

அப்படியானால் குரங்குக்கு வரிசை நினைவு உண்டு என்று ஒப்புக்கொண்டு போகலாமே என்று கேட்கலாம். இங்கேதான் இன்னொரு பிரிவைக் காட்ட வேண்டியிருக்கிறது. டெரஸின் குரங்குகள் கற்றது, தாம் செய்ய வேண்டிய செயல்களின் வரிசையை. அதுவும் பல நாள் பயிற்சியில், ஒவ்வொரு பிழைக்கும் தீனியை இழந்து. ஒருமுறை கண்முன் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைந்தவற்றை, எது முதலில் எது பின்னர் என்று நினைவில் வைப்பது வேறு வேலை. 'நாய் பூனையைத் துரத்தியது' என்பதையும் 'பூனையை நாய் துரத்தியது' என்பதையும் ஒன்றாகவும், 'பூனை நாயைத் துரத்தியது' என்பதை வேறாகவும் நாம் கேட்ட மாத்திரத்தில் கொள்கிறோம். 'ஐ' எந்தச் சொல்லின் பின்னால் ஒட்டி வந்தது என்பதே பொருளைத் தீர்க்கிறது. காதில் விழுந்த ஒலிகள் எந்த வரிசையில் விழுந்தன என்பதைச் சில வினாடிகளாவது வைத்திருக்காமல் இது நடக்காது.

இந்த வேலையில் விலங்குகள் எப்படி என்பதை ஸ்டெஃபானோ கிர்லாண்டா, யோஹான் லிண்ட், மாக்னஸ் என்குவிஸ்ட் ஆகியோர் 2017இல் ஆராய்ந்தார்கள். பாலூட்டிகள், பறவைகள் பலவற்றைக் கொண்டு அதுவரை பலரும் நடத்திய சோதனைகளின் முடிவுகளை ஒருங்கே எடுத்து, விலங்குகள் செய்த பிழைகள் எப்படிப்பட்டவை என்று பார்த்தார்கள். பச்சைக்குப் பின் சிவப்பு வந்தால் ஒன்றைச் செய், மற்ற எந்த வரிசைக்கும் வேறொன்றைச் செய் என்று பழக்கினால், விலங்கு பச்சை-பச்சையை எளிதில் ஒதுக்கிவிடும். சிவப்பு-சிவப்பில்தான் நெடுநாள் ஏமாறும். கடைசியாகக் கண்ட சிவப்பு மனத்தில் பளிச்சென்று நிற்க, அதற்கு முன் கண்டது மங்கிப்போயிருப்பதே காரணம். வரிசை என்று ஒன்று பதிவாவதே இல்லை. கண்ட ஒவ்வொன்றின் சுவடும் நேரமாக ஆகத் தேய்ந்துகொண்டே போகிறது, அந்தத் தேய்மானத்தின் அளவை வைத்தே விலங்கு சமாளிக்கிறது என்பது அவர்கள் முடிவு.

மனிதனுக்கு மிக நெருங்கிய உறவான போனோபோ என்ற மனிதக்குரங்குகளிடம் இதே கேள்வியை நேரடியாகக் கேட்ட ஆய்வு 2023இல் வெளிவந்தது. நீலக் கட்டம் முதலில் வந்து மஞ்சள் பின்னால் வந்ததா, மஞ்சள் வந்து நீலம் வந்ததா என்று பிரித்தறிவதே பாடம். இரண்டே நிறங்கள். ஆயிரக்கணக்கான முறை பழகியும் போனோபோக்கள் இதில் பெரிதும் தடுமாறின. நீலக் கட்டத்தைக் கண்டோம் என்பதே ஐந்து முதல் பத்து வினாடிகளில் அவற்றின் நினைவிலிருந்து நழுவத் தொடங்கியது. மனிதர்கள் அதை ஏறத்தாழ உடனே கற்றுக்கொண்டார்கள். சோதிக்கப்பட்ட போனோபோக்கள் மிகச் சில என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆயினும் தங்கள் கட்டுரை சொன்னதற்கு நேர் எதிரான இந்த முடிவு, அதே பக்கத்தில் ஒரு பத்தியாவது இடம் பெற்றிருக்க வேண்டாமா?

எதிர்ச்சான்று இல்லாமல் இல்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் ஐகன்பாமின் குழுவினர் 2002இல், எலிகளுக்கு ஐந்து வாசனைகளை ஒன்றன்பின் ஒன்றாக முகரக் கொடுத்து, பின்னர் அவற்றில் இரண்டை எடுத்து வைத்து, முந்தி முகர்ந்ததைத் தேர்ந்தால் தீனி என்று சோதித்தார்கள். எலிகள் தேறின. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி சேதப்படுத்தப்பட்ட எலிகள், வாசனையை முகர்ந்தோமா இல்லையா என்பதை அறிந்தபோதும், எது முந்தியது என்பதில் தோற்றன. வலுவான சான்றுதான். என்றாலும், முந்தி முகர்ந்ததன் சுவடு பிந்தி முகர்ந்ததைவிட மங்கியிருக்கும் என்பதால், மங்கலானதைத் தேர்ந்தெடு என்ற விதியும் எலியை ஓரளவு கரைசேர்த்துவிடும் அல்லவா? இந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை என்பதே என் எண்ணம்.

பாடும் பறவைகளைக் காட்டி என்னை மடக்க நினைப்பவர்களும் உண்டு. கூண்டுப் பறவை வளர்ப்போர் வீடுகளில் காணும் ஆஸ்திரேலிய வரிக்குருவியின் ஆண் குஞ்சு, தந்தையின் பாட்டைக் கேட்டு, ஒரு வினாடிக்கும் குறைவான அதன் ஒலிக்கோவையை வரிசை பிசகாமல் கற்று வாழ்நாள் முழுவதும் பாடுகிறது. இதில் வரிசையைக் காப்பது எது என்பதுகூடக் கண்டறியப்பட்டிருக்கிறது. பாட்டுக்கென்றே அமைந்த எச்.வி.சி. என்ற மூளைப்பகுதியில், ஒரு வகை நரம்பணு ஒவ்வொன்றும் கோவைக்கு ஒரே ஒரு முறை, தனக்குரிய கணத்தில் மட்டும் துடிக்கிறது. மணிமாலையில் ஒவ்வொரு மணியும் தன் முறைக்குக் காத்திருப்பதுபோல. மைக்கேல் லாங்கும் மைக்கேல் ஃபீயும் 2008இல் அந்தப் பகுதியை மட்டும் சற்றே குளிரவைத்தபோது, பாட்டு முழுவதும், அசைகளும் இடைவெளிகளும் ஒரே விகிதத்தில் நீண்டு, மெதுவாக ஒலித்தது. வேறெந்தச் சான்றும் தேவையில்லாத அளவுக்குத் துல்லியமான கடிகாரம் அது. ஆனால் அந்தக் கடிகாரம் பாட்டுக்கு மட்டுமே ஓடுகிறது. மஞ்சளும் நீலமும் எந்த வரிசையில் வந்தன என்று கேட்டால் அந்தக் குருவிக்கு அது உதவும் என்று கருத எந்தக் காரணமும் இல்லை. காளைக்குச் சாலையைப்போல, குருவிக்கு வரிசையை அடுக்கித் தந்தது அதன் இனத்தின் நீண்ட வரலாறு.

தமிழில் நாம் இவை எல்லாவற்றையும் 'நினைவாற்றல்' என்ற ஒரே சொல்லால் அழைத்துவிடுவதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று தோன்றுகிறது. ஒரு காட்சியைப் பிடித்து வைப்பதைக் காட்சி நினைவு என்றும், பழகிய செயல்களின் கோவையைச் செயல்வரிசை என்றும், நடந்தவை நடந்த முறையை நிகழ்வரிசை என்றும் பிரித்து எழுதினால் படிப்பவர்களுக்குத் தெளிவு கிடைக்கும். இவற்றைவிட நல்ல சொற்கள் யாரிடமேனும் இருந்தால் மகிழ்ச்சியே. விலங்கின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. அயுமு செய்ததை நான் ஐம்பது முறை முயன்றும் செய்ய முடியாது. என் பேரன் கைப்பேசியில் அந்த விளையாட்டைத் தேடிக்கொடுத்து, நான் தோற்பதைப் பார்த்துச் சிரித்ததும் நடந்தது.

தங்களிடம் நான் கேட்பது சிறிய திருத்தம்தான். அந்தக் கட்டுரை தங்கள் இணையப் பதிப்பில் இன்னும் இருக்கிறது; பள்ளி மாணவர்கள் அதை எடுத்துத் திட்டப்பணிகளில் ஒட்டத் தொடங்கியிருப்பதை நானே பார்த்தேன். அதன் கடைசிப் பத்தியில், எண்கள் தோன்றிய 'வரிசையை' அயுமு நினைவில் வைத்தது என்று வரும் இரண்டு இடங்களிலும், எண்கள் இருந்த 'இடங்களை' என்று மாற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தலைப்பைத் தங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
பொள்ளாச்சி.